உப்பளக் கரையிலிருந்து உப்பிலியப்பன் சந்நிதிக்கு

மார்கழி பிறந்துவிட்டால், சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே தெற்கு நோக்கிச் செல்லும் வாகனங்களில் முதிய தம்பதியர் பலரைக் காணலாம். பணி ஓய்வு பெற்று, பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, இனிக் கோயில் குளம் என்று நாளைக் கழிக்கலாம் என எண்ணியவர்கள். ஆருத்ரா தரிசனத்துக்குச் சிதம்பரம், வைகுண்ட ஏகாதசிக்குத் திருவரங்கம், வழியில் புதுச்சேரியில் மகள் வீடு, கும்பகோணத்தில் தம்பி வீடு என்று பயணத்தை வகுத்துக்கொள்வார்கள். வெயில் தணிந்திருக்கும் மார்கழியும் தையுமே முதுமைக்கு இசைந்த யாத்திரைக் காலம்.

மரக்காணத்தைக் கடந்து கூனிமேட்டை நெருங்கும்போது வண்டிக்குள் இருப்போர் பெரும்பாலும் கண்ணயர்ந்திருப்பார்கள். விடியற்காலையில் எழுந்த களைப்பு. ஆயினும் அந்தச் சில கிலோமீட்டர் தொலைவை உறங்கிக் கழிப்பது பெரிய இழப்பு. தமிழகத்தில் தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் அடுத்தபடியாகப் பெயர்பெற்ற உப்பளங்கள் இங்கேதான் விரிந்து கிடக்கின்றன.

கோடையில் வருபவர் காண்பது வெண்மை. பாத்தி பாத்தியாக உப்பு விளைந்து கண்ணைக் கூசச் செய்யும். மார்கழியில் வருபவர் காண்பதோ வானம். வடகிழக்குப் பருவமழை பாத்திகளை நிரப்பிவிட, வரப்புகள் மட்டும் கோடுகளாகத் தெரிய, நிலம் முழுவதும் கண்ணாடியாகி மேகங்களைக் காட்டும். சென்ற பருவத்து உப்பு, கீற்று வேய்ந்த குவியல்களாகச் சாலையோரம் காத்திருக்கும். உப்பளத் தொழிலாளருக்கு இது வேலையற்ற காலம். இக்காலத்தைக் கருதியே அரசு அவர்களுக்கு நிவாரணத் தொகை வழங்கி வருகிறது. நீர் வடிந்து தை பிறந்த பின்னரே பாத்திகளைச் சீர்செய்யத் தொடங்குவார்கள். ஈரமண்ணைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்தி, உவர்நீரைப் பாய்ச்சி, வெயில் அதைச் சுண்டவைக்கும்வரை காத்திருந்து, நீண்ட காம்புள்ள பலகையால் வாரிக் கரைசேர்ப்பார்கள். நாள்தோறும் நம் இலையின் ஓரத்தில் முதலில் வைக்கப்படும் பொருள், வெறுங்காலுடன் உவரில் நின்றவர்களின் உழைப்பு என்பதை நினைவூட்ட இந்தச் சாலையைவிடச் சிறந்த இடம் இல்லை.

பாத்திகளுக்கு அப்பால் மேற்கே கழுவேலி ஏரி. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரியான இது, 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 5,000 ஹெக்டேருக்கும் மேல். வடக்கின் குளிருக்கு அஞ்சித் தெற்கே வரும் பறவைகள் இங்கே இறங்கி இளைப்பாறுகின்றன. அவையும் ஆண்டுதோறும் தவறாமல் வருகின்றன, இணையாகவும் கூட்டமாகவும்.

அயல்நாடுகளில் ஓய்வு பெற்ற தம்பதியர் படுக்கையும் அடுப்பும் பொருத்திய வண்டியையே வீடாக்கிக்கொண்டு குளிர்காலத்தில் தெற்கே செல்வார்கள் என்று பேரப்பிள்ளைகள் வியந்து சொல்வதுண்டு. கேரள அரசு 2021இல் இத்தகைய கேரவன் சுற்றுலாவை அறிமுகப்படுத்தியது. நம்மவரும் சிலர் வேனின் பின்னிருக்கையைக் கழற்றிவிட்டு, மெத்தையும் சிறிய எரிவாயு அடுப்பும் வைத்துப் புறப்படத் தொடங்கிவிட்டார்கள். மடி ஆசாரத்துடன் தாமே சமைத்து உண்பவர்களுக்கு இது மிகவும் வசதியானது.

ஆனால் இதில் புதுமை ஏதுமில்லை என்பதை இந்த உப்பளக் கரையே சொல்லும். சங்க காலத்தில் உப்பு வணிகர்களாகிய உமணர், கூரை வேய்ந்த வண்டிகளில் மனைவி மக்களோடு ஊர் ஊராகச் சென்றார்கள். வண்டியே அவர்களுக்கு வீடு. பெரும்பாணாற்றுப்படை அவ்வண்டிகளைக் காட்டும்போது, அதில் கட்டித் தொங்கவிட்ட காடிக் கலத்தையும், குழந்தையுடன் அமர்ந்து எருதுகளை ஓட்டும் உமணப் பெண்ணையும் சொல்ல மறக்கவில்லை. மேடு பள்ளத்தில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்கென்று மற்றோர் அச்சை வண்டியின் அடியிலேயே கட்டி வைத்திருப்பார்கள் என்பதைப் புறநானூற்றில் ஔவையாரின் பாட்டால் அறிகிறோம். இன்றைய ஸ்டெப்னி டயருக்கு அதுவே மூத்தது.

மரக்காணம், திண்டிவனம் பகுதி அக்காலத்தில் ஓய்மா நாடு. நல்லியக்கோடன் ஆண்ட இந்நாட்டையே சிறுபாணாற்றுப்படை பாடுகிறது. அதில் வரும் எயிற்பட்டினம் மரக்காணமே என்று ஆய்வாளர் பலர் கருதுவர். வறுமையால் வாடிய சுற்றத்தோடு வழிநடக்கும் பாணனுக்கு, எந்த ஊரில் யார் எதிர்கொண்டு உணவளிப்பார்கள் என்று வழிகாட்டும் நூல் அது. வழிப்போக்கரை விருந்தினராகக் கொண்ட மண் இது.

கூனிமேடு இன்று மீனவரும் இசுலாமியரும் வாழும் அமைதியான கடற்கரை ஊர். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே வணிகச் சாவடி வைத்திருந்தது என்றால் இன்று நம்புவது கடினம். கடலூரில் செயின்ட் டேவிட் கோட்டை அவர்கள் கைக்கு வந்ததும் இந்த ஊரை விட்டு அகன்றார்கள். ஆந்திரத்திலிருந்து சென்னை வழியாக வரும் பக்கிங்காம் கால்வாயும் மரக்காணத்தோடு நின்றுவிடுகிறது. முன்னாளில் உப்பும் விறகும் அதில் படகேறிச் சென்னைக்குச் சென்றன.

மரக்காணத்தில் சோழர் காலக் கல்வெட்டுகளைத் தாங்கி நிற்கும் பூமீசுவரர் கோயிலை வணங்கிவிட்டு, கூனிமேட்டுக்குத் தெற்கே சாலையிலிருந்து மேற்கே உள்ளடங்கிய இரும்பை மாகாளத்துக்குச் செல்லலாம். திருஞானசம்பந்தர் பாடிய தலம். கடுவெளிச் சித்தரின் வரலாறு இத்தலத்துக்கு உரியது. இறைவன் திருமுன் ஆடிய பெண்ணின் காலிலிருந்து கழன்ற சிலம்பைச் சித்தர் எடுத்து அணிவிக்க, கூடியிருந்தோர் நகைத்தனர். அவர் மனம் நொந்து பாட, சிவலிங்கம் மூன்றாக வெடித்தது. அரசன் பிழை பொறுக்க வேண்ட, சித்தர் மீண்டும் பாட, பிளந்தவை கூடின. இன்றும் செப்புத் தகட்டால் பிணிக்கப்பட்ட திருமேனியாகவே மகாகாளேசுவரர் காட்சியளிக்கிறார். அண்மையில் ஒழிந்தியாம்பட்டில் உள்ள திரு அரசிலியும் சம்பந்தர் பாடல் பெற்றதே. இரண்டு கோயில்களிலும் கூட்டம் குறைவு. முழங்கால் வலியுள்ளவர்கள் நின்று நிதானித்துத் தரிசிக்கலாம்.

உப்பளச் சாலையில் வண்டியை நிறுத்தி ஒரு பை கல்லுப்பு வாங்கிக்கொள்வது வழக்கம். புதுமனை புகும்போது முதலில் எடுத்துச் செல்வது உப்பும் மஞ்சளும் அல்லவா? வெள்ளிக்கிழமையில் உப்பு வாங்குவது திருமகளை அழைப்பதாகும் என்பது நம் பாட்டிமார் வாக்கு. ஆனால் வாங்கும் கைகளுக்கு அதனை உண்ணும் உரிமை குறைந்துவிட்டது. இரத்த அழுத்தம். புதுச்சேரியில் மகள் வீட்டில் இலை போட்டதும், "அப்பா, ஊறுகாயைத் தொடாதீங்க. அம்மா, அப்பளம் ஒண்ணு போதும்" என்ற குரல் எழும். ஒருகாலத்தில் இவர்கள் ஊட்டி வளர்த்த பிள்ளை. இப்போது இவர்களுடைய மாத்திரைகளை எண்ணிப் பார்க்கிறாள். தனியாக இவ்வளவு தூரம் போக வேண்டுமா, அடுத்த ஆண்டு தாங்களும் வருகிறோமே என்று மருமகனும் சொல்வார். அவர்கள் அச்சத்தில் நியாயம் உண்டு. 2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகேதான் கரையைக் கடந்தது. உப்பளங்கள் யாவும் வெள்ளத்தில் மூழ்கின. வானிலை அறிக்கையைக் கேட்டுப் புறப்படுவதும், இரவில் ஓட்டாதிருப்பதும், மருந்துப் பையைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பதும் கட்டாயம். அதற்குமேல் அடுத்த ஆண்டு என்று ஒத்திவைப்பதில்தான் முதியவர்களுக்குத் தயக்கம். இருவரும் சேர்ந்து புறப்பட அடுத்த மார்கழி வாய்க்குமா என்பதை அவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. சென்ற ஆண்டு உடன்வந்த தம்பதியரில் ஒருவர் இம்முறை தனியாக நிற்பதை ஒவ்வொரு சந்நிதியிலும் பார்க்கிறார்கள்.

சிதம்பரத்தில் கூத்தப்பெருமானைத் தரிசித்துக் களி பிரசாதம் உண்டபின், சீர்காழி வழியாகத் திருக்கடையூர். மார்க்கண்டேயருக்காகக் காலனை உதைத்த அமிர்தகடேசுவரர் சந்நிதியில் மணிவிழாவும் சதாபிஷேகமும் காணும் தம்பதியர் திரள்கின்றனர். நரைத்த தலையுடன் தாலி கட்டும் கணவரும், நாணத்தோடு தலை குனியும் மனைவியும் அங்கே எந்நாளும் காணும் காட்சி.

அதே மார்க்கண்டேயரைக் கும்பகோணத்தை அடுத்த திருநாகேசுவரத்தில், திருவிண்ணகர் என்னும் திவ்ய தேசத்தில், பெண்ணைப் பெற்ற தந்தையாகத் தரிசிக்கிறோம். துளசிச் செடியின் அடியில் கிடைத்த குழந்தையை வளர்த்து வருகையில், பெருமாள் தள்ளாத முதியவராக வந்து பெண் கேட்டார். "என் மகள் சிறு பெண், உப்பிட்டுச் சமைக்கவும் அறியாதவள்" என்று தயங்கினார் முனிவர். உப்பில்லாமலே உண்பேன் என்றார் வந்தவர். அன்று முதல் அங்கே நைவேத்தியம் யாவும் உப்பின்றியே படைக்கப்படுகின்றன. நம்மாழ்வார் போற்றியபடி ஒப்பில்லாதவர் என்பதே ஒப்பிலியப்பன் என்னும் திருநாமம். அதுவே மக்கள் நாவில் உப்பிலியப்பன் ஆயிற்று. மகளைப் பிரியக்கூடாது என்ற மாமனாரின் வேண்டுதலுக்கு இணங்கி, தாயாரை விட்டுப் பெருமாள் தனியே புறப்பாடு கண்டருளுவதும் இல்லை. மூலஸ்தானத்தில் தாயார் அவருடைய வலப்புறம் அமர்ந்திருக்க, இடப்புறம் மார்க்கண்டேயர் கன்னிகாதானம் செய்யும் கோலத்தில் இருக்கிறார்.

இச்சந்நிதியில் முதிய தம்பதியர் சற்று அதிகமாகவே நிற்கிறார்கள். பிரசாதத்தைக் கையில் வாங்கும் கணவர், "ஏன், நன்றாகத்தானே இருக்கிறது?" என்பார். "வீட்டில் நான் செய்தால் மட்டும் முகத்தைச் சுளிப்பீர்கள்" என்பார் மனைவி. உப்பு சேர்த்த பண்டங்களை இக்கோயிலுக்குள் கொண்டு செல்வது ஆகாது என்பது நம்பிக்கை. கூனிமேட்டுச் சாலையில் வாங்கிய கல்லுப்புப் பை, தம்பி வீட்டுக்குச் சேர வேண்டியது, வெளியே வண்டியில் காத்திருக்கும்.