இதுவா, அதுவா

கண் பரிசோதனையை நம் பக்கத்தில் பரீட்சையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். படித்துவிட்டால் பாஸ். பொன்மலை ரயில்வே வேலைக்கு மனுப்போட்டவர்களில், முன்னால் போனவன் உள்ளே வாசிப்பதைக் கதவோரம் நின்று கேட்டு நெட்டுருப் போட்டுக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும். எஞ்சின் ஓட்டுபவருக்குக் கண்ணாடியில்லாமல் 6/6 வேண்டும். லேசர் வைத்துச் சரி செய்துகொண்ட கண்ணையும் அந்த வேலைக்கு ரயில்வே ஒப்புக்கொள்வதில்லை.

6/6 என்பது 1862-இல் ஹாலந்தின் உட்ரெக்ட் நகரத்து டாக்டர் ஸ்னெல்லன் வகுத்த அட்டையிலிருந்து வந்த கணக்கு. 6 மீட்டர் தூரத்தில் நிற்கும் எழுத்து கண்ணில் 5 நிமிஷக் கோணம் பிடிக்க வேண்டும். ஒரு நிமிஷம் என்பது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. அட்டையின் எழுத்துக்கள் கூடி வார்த்தையாவதில்லை. வார்த்தையாகிவிட்டால் கண் பார்ப்பதை நிறுத்தி மனசு ஊகிக்க ஆரம்பித்துவிடும். நாம் வாசிப்பு என்று பேர் வைத்திருப்பதில் பெரும்பகுதி இந்த ஊகந்தான் என்பதை ஆஸ்பத்திரிக்காரர்கள் நமக்கு முன்பே கண்டுகொண்டுவிட்டார்கள்.

இதையெல்லாம் யோசிக்க நேர்ந்தது அக்கா மகளால். லால்குடியில் இருக்கிறாள், 24 வயது, இரண்டு கண்ணிலும் மைனஸ் எட்டரை. லா.ச.ரா. தன் பெயரின் முதலெழுத்தில் சுமந்த ஊர் அது. ஜெயராமன் வயலினோடு வெளியே கொண்டுபோன ஊர். இரண்டு பேருமே காதுக்காரர்கள். கண்ணைப் பற்றி ஊர் பேசுவது வரன் பார்க்கும் சமயத்தில் மட்டுந்தான். இரண்டு இடத்தில் 'பெண் கண்ணாடியோ?' என்று கேட்டார்கள். மூன்றாவது இடத்தில் கேட்கக்கூட இல்லை, சொல்லியனுப்புகிறோம் என்றார்கள். அக்கா நகைக்கு வைத்திருந்ததில் ஒரு பகுதியை எடுத்து லேசருக்கு என்று ஒதுக்கினாள்.

அந்தப் பெண்ணுக்கு வேறு காரணம். "காலைல முழிச்சதும் தலையணைக்கு அடியில தடவாம, மேல சுத்தற ஃபேனைப் பாக்கணும் மாமா. அவ்வளவுதான்."

திருச்சிக்குக் கண் வைத்தியத்தில் பழைய பேர் உண்டு. ஜோஸப் கண் ஆஸ்பத்திரி 1934-இல் தொடங்கியது. நாங்கள் போனது வேறொரு இடம். காண்டாக்ட் லென்ஸைப் பதினைந்து நாள் முன்பே நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். லென்ஸ் விழியின் மேல் உட்கார்ந்து உட்கார்ந்து அதன் வளைவையே மாற்றிவிடுமாம். கண் தன் சொந்த வடிவத்துக்குத் திரும்பின பிறகுதான் அளவெடுக்க வேண்டும். முதலில் கீழிமையின் ஓரத்தில் மெல்லிய காகிதப் பட்டையைச் செருகி ஐந்து நிமிஷம் கண்ணை மூடச் சொன்னார்கள். கண்ணீர் காகிதத்தில் எத்தனை மில்லிமீட்டர் ஊறுகிறது என்று பார்க்க. பத்துக்குக் குறைந்தால் கண் வறட்சியோ என்று சந்தேகிக்க வேண்டும். அவளுக்குப் பதினெட்டு. பிறகு ஒரு மெஷின் கண்ணில் காற்றை ஊதி அழுத்தம் பார்த்தது. இன்னொன்று ஒளி வளையங்களை விழியின் மேல் விழவைத்து, அவை கோணுகிற விதத்தைக் கொண்டு மேடுபள்ளத்தை வர்ணப் படமாக வரைந்தது. மற்றொன்று கருவிழியின் கனத்தை மைக்ரானில் சொன்னது. மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று.

இவை எதுவும் அவளிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மோவாயை வைத்தாள், அளந்துகொண்டன. கேட்டது ஒரே ஒரு சோதனைதான். இருட்டறையில், மூக்கின் மேல் கனத்த சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு அங்கிருந்த பெண் கேட்டுக்கொண்டே இருந்தாள்: "இது தெளிவா, அது தெளிவா?" கடைசியில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லாத இடம் வருகிறது. "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்று இவள் சொன்னதும் அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். அந்த இடத்துக்குத்தான் காத்திருந்திருக்கிறாள். இங்கே சரியான விடையை முன்கூட்டித் தெரிந்தவர் யாருமில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்தவனால் காப்பியடிக்க முடியாது. எதிரில் இருப்பவருக்குப் பிடிக்கட்டும் என்று ஏதாவது சொன்னால் அதன் பலனைப் பிறகு தானே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பல வருஷமாக விமர்சனம் எழுதுகிறவர்கள் கூடும் அறைகளில் இந்தக் கேள்வியை இவ்வளவு நேர்மையாக யாரும் கேட்டு நான் கேட்டதில்லை. 'ரெண்டும் ஒண்ணுதான்' என்று ஒருவர் தயங்காமல் சொல்லியும் கேட்டதில்லை.

ஆனால் கண்ணின் வாக்குமூலத்தையும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. வயசுக் கண் தானாக முயற்சி செய்து குறையை மறைக்கும், அல்லது கூட்டிக் காட்டும். எனவே சொட்டு மருந்து விட்டு உள்ளிருக்கும் தசையைச் சில மணி நேரம் செயலற்றதாக்கி, மறுபடியும் அளக்கிறார்கள். முயற்சியைக் கழித்த பின் மிஞ்சும் பார்வை எதுவோ அதுவே கணக்கில் சேர்கிறது.

இந்த லேசரின் பூர்வ கதையில் நம்மவர் ஒருவர் இருக்கிறார். ரங்கஸ்வாமி ஸ்ரீனிவாசன், 1929-இல் சென்னையில் பிறந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1981 நவம்பரில், நியூயார்க்கில் ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்தில், பண்டிகை விருந்தில் மிஞ்சின வான்கோழியைக் கொண்டுவந்து அதன்மேல் 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிரைச் செலுத்திப் பார்த்தார். சதை கருகவில்லை, கோடு போட்டது போல் சுத்தமாக வெட்டுப்பட்டது. ஸாமுவேல் ப்ளம், ஜேம்ஸ் வின் இருவரும் உடனுழைத்தவர்கள். 1983-இல் கண் டாக்டர் ட்ரோக்கெல் இவர்களோடு சேர்ந்து அதைக் கருவிழிக்குக் கொண்டுவந்தார். அரங்கன் பெயரைத் தாங்கிய ஒருவரின் கை அதில் பட்டிருப்பதை எண்ணி ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவர் சந்தோஷப்படக்கூடும்.

மாலையில் டாக்டர் கூப்பிட்டுப் பேசினார். ஒரு கழித்தல் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டினார். கருவிழியின் கனம் 465 மைக்ரான். சாதாரணமாக 540-ஐ ஒட்டி இருக்கும். மேலே திறக்கும் மூடிக்கு 120. ஒரு பவருக்குச் சுமார் 12 வீதம் எட்டரைக்கு 102. மீதி 243. அடியில் 250-ஆவது மிஞ்சியாக வேண்டும். மேற்பரப்பிலேயே செய்கிற வேறு முறையும் இருக்கிறது. ஆனால் வர்ணப் படத்தில் கீழ்ப்பாதி சற்று அதிகமாகச் செங்குத்தாக இருக்கிறது, நாளடைவில் கூம்பாகப் பிதுங்கும் வியாதியின் ஆரம்பமாக இருக்கலாம், இந்த நிலையில் லேசரே கூடாது என்றார். கண்ணைக் கசக்காதே, ஆறு மாசம் கழித்து மறுபடி படம் எடுப்போம். பரீட்சையில் நன்றாகப் பதில் சொன்னவளுக்குக் கிடைத்த முடிவு இது. அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "இப்ப வந்ததால தெரிஞ்சுதா?" ஆமாம் என்றார் டாக்டர். இல்லாவிட்டால் தெரிந்திருக்க வழியே இல்லை.

கூரத்தாழ்வானைப் பற்றி ஸ்ரீரங்கத்தில் ஒரு கதை சொல்வார்கள். சோழன் சபையில் கண்ணை இழந்தவர். காஞ்சி வரதனிடம் கண்ணைக் கேள் என்று ராமானுஜர் அனுப்பினார். வரதன் வரம் தர வந்தபோது, தன் கண் போகக் காரணமாயிருந்த நாலூரானுக்கும் தனக்குக் கிடைக்கிற கதியே கிடைக்கட்டும் என்று கேட்டாராம். பெரிய மனசுதான். ஆனால் காலையில் எழுந்து ஃபேனைப் பார்க்க விரும்புகிற பெண்ணிடம் இதைச் சொல்லி ஆறுதல்படுத்த எனக்கு வாய் வரவில்லை. கேட்டது கிடைக்காதவளிடம் கேட்காதவன் பெருமையைப் பேசுவது ஒருவகைக் கொடுமை.

திரும்பும் பாசஞ்சரில் கொள்ளிடம் பாலத்தின் மேல் வரும்போது அக்காவிடமிருந்து செய்தி வந்தது. மருந்து விட்ட கண்ணுக்குக் கிட்டத்து எழுத்து தெரியாதே என்று நான் கையை நீட்டினேன். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, செல்போனை மூக்கருகே பிடித்து, தடையில்லாமல் வாசித்தாள். மைனஸ் எட்டரைக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர் தூரத்தில் எதன் தயவும் வேண்டாம்.

"வர்ற வாரம் பாக்க வர்றாங்களாம். ஆபரேஷனுக்கு நாள் குறிச்சாச்சுன்னு சொல்லவான்னு அம்மா கேக்கறாங்க."

"என்ன சொல்லப் போறே?"

"செய்ய முடியாதுன்னு. காரணத்தையும் சேத்து" என்று சொல்லி, முகத்துக்கு நேரே பிடித்தபடியே டைப் அடிக்க ஆரம்பித்தாள்.