பாட்டியின் கண்ணாடிக் கிருஷ்ணர்

போன பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். வெளியே சொல்ல வெட்கம்தான். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆவடியில் எங்கள் வீட்டு பூஜை அறையில் ஒரு பழைய கிருஷ்ணர் படம் உண்டு. பாட்டி கல்யாணமாகி வந்தபோது தஞ்சாவூரிலிருந்து கொண்டு வந்தது. ஃபிரேம் செல்லரித்துப் போயிருந்ததால் புதிதாக மாற்றலாம் என்று கழற்றினேன். கண்ணாடியின் பின்பக்கம் ஒரே திட்டுத் திட்டாக அழுக்கு. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். துணியில் பச்சை நிறம் ஒட்டிக்கொண்டு வந்தது. திருப்பிப் பார்த்தால் கிருஷ்ணருக்குப் பின்னால் இருந்த திரைச்சீலை பாதியைக் காணோம்!

நான் அழுக்கு என்று நினைத்ததுதான் படமே. சரியான மக்கு நான்.

பாட்டி திட்டவில்லை. "காகிதத்துல வரைஞ்சு மேல கண்ணாடி போட்டதுன்னு நெனச்சியாடா?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

அதற்கப்புறம்தான் தேடிப் படித்தேன். இது தஞ்சாவூர் கண்ணாடி ஓவியம். கண்ணாடியின் பின்பக்கத்திலேயே, தலைகீழ் வரிசையில் வரைவார்கள். கண், புருவம், நகைக் கோடுகள் முதலில். அப்புறம் உடம்பின் நிறம். பின்னணி கடைசியில். இடம் வலமாக மாறித் தெரியும் என்பதால் அதையும் யோசித்து வரைய வேண்டும். முகத்தில் தப்பு செய்தால் மேலே பூசித் திருத்த முடியாது.

இந்த வித்தை வந்த வழிதான் ஆச்சரியம். வெனிஸ் போன்ற ஐரோப்பிய ஊர்களில் இருந்த கலை, 18ஆம் நூற்றாண்டில் சீனாவுக்குப் போனது. 1715ல் சீனாவுக்குப் போய் 1766ல் அங்கேயே இறந்த இத்தாலியத் துறவி கஸ்தில்யோனே, பீஜிங் அரண்மனை ஓவியர். சியென்லுங் பேரரசருக்காக அவரும் பிரெஞ்சுக்காரரான அத்திரேயும் கண்ணாடியில் வரைந்திருக்கிறார்கள். காண்டன் துறைமுகப் பட்டறைகளோ ஏற்றுமதிக்கென்றே வரைந்து தள்ளின. கப்பலில் கண்ணாடியாக வந்தது படமாகத் திரும்பிப் போனது. அப்படித்தான் இந்தியாவுக்கும் வந்தது. மேற்கு இந்திய அரசவைகளில் சீன ஓவியர்களே வேலை செய்திருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூர் ஓவியர்கள் கையில் அது கிருஷ்ணராகவும் ராமர் பட்டாபிஷேகமாகவும் ஆனது. 1894ல் ரவிவர்மா அச்சகம் தொடங்கியது. அச்சுப் படங்கள் மலிவாகக் கிடைக்கவே, இந்தத் தொழில் தேய்ந்துபோனது.

நான் அழித்த அந்தத் திரைச்சீலைகூட ஐரோப்பிய பாணியாம்!

பாட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இத்தாலி, சீனா எல்லாம் சுத்தி வந்திருக்கு பாட்டி."

"எங்க சுத்தினா என்னடா, மொகம் இருக்குல்ல?"

இருக்கிறது. முதலில் வரைந்தது என்பதால் கண்ணாடியோடு ஒட்டிய முகம் தப்பித்துவிட்டது. திரைச்சீலை போன இடத்தில் வேறு பெயின்ட் அடிக்க மனசு வரவில்லை. பின்னால் பாட்டியின் பழைய பச்சைப் புடவைத் துண்டு ஒன்றை வைத்து ஃபிரேம் போட்டிருக்கிறோம். பூஜை அறையில் பழையபடி அதே ஆணியில்தான் தொங்குகிறது.

உங்கள் வீட்டிலும் பழைய கண்ணாடிப் படம் இருக்கலாம். தயவுசெய்து பின்பக்கம் ஈரத்துணி மட்டும் வேண்டாம்.