சுடாத ரவை

புனே நகரின் வடக்கே கட்கி என்றொரு பகுதி. 1869இல் அங்கே தொடங்கிய ரவைத் தொழிற்சாலை இன்றைக்கும் இயங்குகிறது. அங்கே செய்த ரவைகளின் அடியைத் திருப்பிப் பார்த்தால் 'கே.எஃப்.' என்று இரண்டு எழுத்துகள் பொறித்திருக்கும். 2021இல் இந்திய அரசு தன் படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு நிறுவனங்களாகப் பிரித்தபோது, வெடிமருந்துக்கான நிறுவனத்தின் தலைமையகமும் புனேயிலேயே அமைந்தது. நீலகிரி அருவங்காட்டின் பழைய கார்டைட் தொழிற்சாலையும் இப்போது அதன் கீழ்தான். பாஷாண் பக்கம் போனால் ஆயுத ஆராய்ச்சிக் கூடம். துவக்குக்குப் பயந்து கடல் கடந்த நான் வந்து குடியேறியது இப்படியோர் ஊரில்.

யாழ்ப்பாணத்து வடமராட்சியில் எங்கள் தலைமுறைக்கு பிஸ்டல் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. படலையடியில் சைக்கிள் ஒன்று வந்து நிற்கும். பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அதற்குப் பிறகு நடந்ததை அயலில் யாரும் உரத்துக் கதைக்கமாட்டார்கள். அந்தப் பொருளைக் கையில் எடுத்து, துடைத்து, எண்ணெய் போட்டு, "இன்றைக்கு இது ஏன் இடக்குப் பண்ணுகிறது?" என்று கவலைப்படும் மனிதர்களை நான் புனேக்கு வந்த பிறகுதான் கண்டேன்.

எங்கள் மேல்வீட்டு மராத்திக் குடும்பத்தின் மகள் 25 மீட்டர் பிஸ்டல் சுடுகிறாள். என்னை 'மாவுஷி' என்பாள்; அம்மாவின் சகோதரிக்குரிய விளிப்பு அது. பாலேவாடி விளையாட்டு வளாகத்துக்கு அவளுடன் துணைக்குப் போகத் தொடங்கி, இப்போது நானாகவே போகிறேன். 1994 தேசிய விளையாட்டுக்காகக் கட்டிய வளாகம் அது. 2008இல் காமன்வெல்த் இளையோர் போட்டி இங்கே நடந்தபோது கோலாப்பூரின் ராஹி சர்னோபத் பிஸ்டலில் தங்கம் வென்றார். அதே ராஹி 2013இல் தென்கொரியாவின் சாங்வொன் உலகக் கோப்பையிலும், 2018இல் பலெம்பாங்கில் நடந்த ஆசியப் போட்டியிலும் தங்கம் வென்றார். ஆசியப் போட்டிச் சுடுதலில் தங்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். துப்பாக்கிச் சுடுநர் ககன் நாரங்கின் பயிற்சிக்கூடம் இங்கேதான் இருக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ரைபிளில் வெண்கலம் பெற்ற ஸ்வப்னில் குசாளே, புனேயில் ரயில்வே டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இவர்கள் தூரத்து நட்சத்திரங்கள் அல்லர், பக்கத்துத் தடத்தில் நின்று சுட்ட அக்காவும் அண்ணாவும்.

இவர்கள் கூடினால் கதைப்பது ஒரே விடயம்: எது நம்பத் தகுந்தது?

ரிவால்வரில் ஒரு ரவை வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் போதும், உருளை சுற்றி அடுத்த ரவை வந்து நிற்கும். அரைத்தானியங்கி பிஸ்டல் அப்படியல்ல. வெடித்த ரவையின் உந்துதல்தான் மேல்தகட்டைப் பின்னே தள்ளுகிறது. அந்த ஓட்டத்திலேயே வெற்றுக்கோது இழுபட்டு வெளியே எறியப்படும். திரும்பி வரும் சுருள்வில் மகசினிலிருந்து அடுத்த ரவையை உள்ளே ஏற்றும். ஒன்று வெடித்தால்தான் மற்றது வரும். மருந்து கொஞ்சம் பலவீனமாக இருந்தாலும் தகடு பாதி தூரம் போய்த் திரும்பிவிடும். கோது வெளியேறாமல் வாயிலில் செங்குத்தாகச் சிக்கி நிற்கும்.

போட்டியில் இவர்கள் சுடுவது .22 ரவை. சிறுவிரல் நகத்தைவிடச் சிறிய அடி. அதைப் பயிற்சியாளர் ஒருநாள் என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். பெரிய ரவைகளில் தீமூட்டும் மருந்து நடுவில் ஒரு குமிழில் இருக்கும். இதில் விளிம்பின் உள்மடிப்பைச் சுற்றி ஈரமாக ஊற்றிச் சுழற்றிப் படியவைக்கிறார்கள். ஏதோ ஓர் இடத்தில் மருந்து படியாமல் விட்டுப்போனால், அடிமுனை சரியாக அங்கேயே விழுந்தால், ரவை ஊமையாகிவிடும். அவர் காட்டிய ரவையின் விளிம்பில் அடிபட்ட பள்ளம் ஆழமாக, தெளிவாக இருந்தது. "பிஸ்டல் தன் வேலையைச் செய்துவிட்டது, பாருங்கள்" என்றார். அதே ரவையை அரைச்சுற்றுத் திருப்பிப் போட்டுச் சுட்டார். வெடித்தது.

அன்றிலிருந்து, "இந்தப் பிஸ்டல் சரியில்லை" என்று யாராவது சொன்னால் நான் உடனே நம்புவதில்லை. ரவை, மகசினின் உதடு, எண்ணெய், ஈயமும் மெழுகும் படிந்த குழாய், பிடிமானம் தளர்ந்த மணிக்கட்டு எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகுதான் இரும்பைக் குற்றம் சொல்லவேண்டும். நல்ல சுடுநர்கள் அந்த வரிசையில்தான் தேடுகிறார்கள்.

போட்டி விதியும் இதே மனத்தோடுதான் எழுதப்பட்டிருக்கிறது. ஆண்களின் விரைவுச் சுடுதலில் ஐந்து இலக்குகள், ஐந்து ரவைகள். முதலில் 8 வினாடி, பிறகு 6, கடைசியில் 4. நடுவில் பிஸ்டல் நின்றுபோனால் சுடுநர் அதைத் தொட்டுப் பார்க்கக்கூடாது. குழாயை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு மற்றக் கையை உயர்த்தவேண்டும். அதிகாரி வந்து பார்ப்பார். ரவை ஊமையென்றாலோ கோது சிக்கியிருந்தாலோ அது ஏற்கத்தக்க கோளாறு, மறுபடி சுடலாம். அதுவும் ஒரு கட்டத்தில் ஒருமுறைதான். பாதுகாப்புப் பூட்டை விலக்க மறந்திருந்தால், ரவையைக் குறைவாக நிரப்பியிருந்தால், விசையை முழுதாக விடாமல் மறுபடி இழுத்திருந்தால் ஏற்கமாட்டார்கள். சுடாத குண்டுக்குப் பூச்சியம். பொருளின் பிழை எது, கையின் பிழை எது என்று இவ்வளவு கண்டிப்பாகப் பிரித்துப் பார்க்கும் இடத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

துல்லியத்தைச் சோதிப்பதும் அப்படித்தான். பிஸ்டலைக் கையில் பிடிக்காமல் இரும்புப் பிடியில் இறுக்கி, ஒவ்வொரு தொகுதி ரவையிலும் பத்துப் பத்தாகச் சுடுவார்கள். ஒரே நிறுவனம், ஒரே பெயர், ஒரே விலை; தொகுதி எண் மாறினால் துளைகளின் கூட்டம் மாறும். ஒன்றில் பத்துத் துளையும் ஒட்டி ஒரே கிழிசலாக இருக்கும், மற்றதில் இரண்டு மட்டும் விலகி நிற்கும். இந்தப் பிள்ளைகள் அந்தக் காகிதங்களைத் தேதி போட்டு அடுக்கி வைத்திருக்கிறார்கள். 25 மீட்டர் துல்லியச் சுடுதலில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 5 சென்டிமீட்டர். நல்ல போட்டிப் பிஸ்டல் பிடியில் இறுக்கியபோது அதில் பாதிகூட விலகாது. மீதி முழுவதும் ஒற்றைக் கையை நீட்டி நிற்கும் அந்தப் பிள்ளையின் மூச்சும் விரலும்.

சுடுமுன் உபகரணச் சோதனையில் 1000 கிராம் எடைக்கல்லை விசையில் தொங்கவிட்டு, பிஸ்டலை நிமிர்த்தி மெல்ல உயர்த்துவார்கள். எடை தரையைவிட்டு எழும்பவேண்டும், விசை விழக்கூடாது. விழுந்தால் அந்தப் பிஸ்டல் உள்ளே போகாது. மேல்வீட்டுப் பிள்ளை அந்த நேரம் மட்டும் என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

2021இல் டோக்கியோவில் மனு பாகர் 10 மீட்டர் காற்றுப் பிஸ்டலில் நின்றபோது நடந்ததை இங்கே எல்லோரும் நேற்று நடந்ததுபோலச் சொல்கிறார்கள். காற்றுப் பிஸ்டல் வேறு வகைதான். ஆனாலும் சுடும் நடுவில் நெம்புகோல் முறிந்தது. பழுது பார்க்கப் போன நேரம் கடிகாரம் நிற்கவில்லை. 575 புள்ளி, 12ஆம் இடம், இறுதிச்சுற்று இல்லை. பத்தொன்பது வயதுப் பிள்ளையைப் பற்றி ஊர் என்னென்ன சொன்னது என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது. மூன்று ஆண்டுக்குப் பிறகு பாரிஸில் அதே போட்டியில் வெண்கலமும், கலப்பு அணிப் பிரிவில் இன்னொரு வெண்கலமும் பெற்றார்.

இனி இந்த ஊரின் பழைய கதையொன்று. இதை எழுதாமல் புனேயையும் பிஸ்டலையும் பற்றி எழுதினேன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1948 ஜனவரி 20, டெல்லி. காந்தியைக் கொல்லப் போன கூட்டத்தின் மையம் புனே. நாதுராம் கோட்சே இங்கே பத்திரிகை நடத்தியவர், நாராயண் ஆப்டே அவருடைய கூட்டாளி. திகம்பர் பட்கே 'சஸ்திர பண்டார்' என்ற பெயரில் இங்கே ஆயுதம் விற்றவர்; பிறகு அரசுத் தரப்புச் சாட்சியானார். அவருடைய சாட்சியத்தின்படி, அன்று இந்து மகாசபைக் கட்டடத்தின் பின்னால் இருந்த காட்டில் கையிலிருந்த இரண்டு ரிவால்வர்களைச் சோதித்தார்கள். ஒன்றின் உருளை சரியாக இயங்கவில்லை. மற்றதில் மரத்தைக் குறிபார்த்துச் சுட்ட குண்டு மரத்தை எட்டாமல் இடையிலேயே விழுந்தது. மாலையில் பிர்லா மாளிகையில் மதன்லால் பஹ்வா வைத்த வெடி வெடித்தது, அவர் பிடிபட்டார், மற்றவர்கள் தப்பினார்கள்.

பத்து நாள் கிடைத்தது. பிடிபட்டவர் வாய் திறந்திருந்தார். அந்தப் பத்து நாளில் காவல்துறை செய்ததையும் செய்யாததையும் பின்னாளில் நீதிபதி ஜீவன்லால் கபூர் ஆணையம் விசாரித்து 1969இல் அறிக்கை தந்தது. அந்த இடைவெளியில் கோட்சேயும் ஆப்டேயும் குவாலியருக்குப் போய், நல்லதொரு பிஸ்டல் தேடி வாங்கினார்கள். இத்தாலியப் பெரெட்டா, 1934 வகை, எண் 606824. குறைந்த உறுப்புகள், மேல்தகட்டின் முன்பாதி திறந்தது. அதனால் கோது சிக்குவது அபூர்வம். ஜனவரி 30 மாலை காந்தியை நோக்கி மூன்று முறை சுட்டது. மூன்று முறையும் பிழையின்றி இயங்கியது.

நம்பகம் என்று சொல்லிச் சுடுதளத்தில் பிள்ளைகள் மகிழும்போது எனக்கு அந்த எண் நினைவுக்கு வருகிறது. அதை அவர்களிடம் நான் மறைத்ததுமில்லை.

மேல்வீட்டு ஆஜோபாவிடம், அதாவது பிள்ளையின் தாத்தாவிடம், உரிமத்தோடு ஒரு .32 பிஸ்டல் இருக்கிறது. ஊர்ப்பக்கம் கரும்புத் தோட்டம். பணத்தோடு இரவில் திரும்பிய காலத்தில் வாங்கியது. இந்தியாவில் 9 மி.மீ. பொதுமக்களுக்குத் தடை, அதனால் .32தான் பலருடைய கையில். 2024 நவம்பர் சட்டமன்றத் தேர்தலுக்குமுன் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, பிறகு திரும்பப் பெற்றார். அப்போதுதான் பேத்தி, "ஆஜோபா, கடைசியாக எப்போது சுட்டீர்கள்?" என்று கேட்டாள். அவருக்கு ஆண்டு நினைவில்லை.

ஒரு சுடுதளத்துக்கு அழைத்துப் போனாள். தோல் பையில் கிடந்த ரவைகளின் பித்தளை பச்சை பூத்திருந்தது. எண்ணெய் பிசினாக இறுகியிருந்தது. முதல் ரவை ஊமை. அவள் சொன்னபடி குழாயை இலக்குப் பக்கமே பிடித்தபடி அரை நிமிடம் பொறுத்திருந்தார். தாமதித்து வெடிக்கவும் கூடும் அல்லவா. இரண்டாவது வெடித்தது, கோது வெளியேறாமல் சிக்கியது. துடைத்து, புது ரவை போட்டுச் சுட்டபோது பிஸ்டல் ஒழுங்காக இயங்கியது. ஆனால் பத்து மீட்டரில் ஐந்து குண்டுக்குக் காகிதத்தில் இரண்டு துளைதான். அவருடைய கை நடுங்குகிறது.

இத்தனை வருடமும் தலைமாட்டில் வைத்து அவர் நிம்மதியாகத் தூங்கியது இந்தப் பொருளை நம்பித்தான். நான் அவரிடம் நேராகவே சொன்னேன்: மாதம் ஒருமுறையாவது சுடாதவரிடம் பிஸ்டல் இருப்பது, வீட்டிலிருக்கும் மற்றவர்களுக்குத்தான் ஆபத்து. உரிமம் புதுப்பிக்கும்போது கட்டணத்தோடு இலக்குக் காகிதத்தையும் அரசு கேட்கவேண்டும் என்பது என் கருத்து. ஓட்டுநர் உரிமத்துக்குக் கண்ணைச் சோதிக்கிறார்களே. ஆஜோபா கோபிக்கவில்லை. மகனிடம் கதைத்து முடிவு சொல்வதாகச் சொன்னார். போன கிழமை மகன் வந்தான். உரிமத்தை ஒப்படைக்க என்ன மனு எழுதவேண்டும் என்று இருவரும் காவல் நிலையத்தில் விசாரித்திருக்கிறார்கள்.

பேத்திக்கு அடுத்த மாதம் மாநிலப் போட்டி. வழக்கமான தொகுதி ரவை தீர்ந்துவிட்டது. புதுத் தொகுதி ஞாயிற்றுக்கிழமை வருகிறது. பிடியில் இறுக்கிச் சோதிக்க வேண்டும். காகிதம் பிடிக்க நானும் போகிறேன்.