தொடாமல் பார்த்த வைத்தியம்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து கிளம்பும்போதே நண்பர் மூன்று தடவை சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். உள்ளே துப்பாக்கி லைசென்ஸ். துப்பாக்கி பின்சீட்டில், பூட்டிய தகரப் பெட்டியில். தோட்டாக்கள் தனியாக டிக்கியில்.

அது அவருடைய அப்பாவின் பிஸ்டல். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு போட்டவர், எப்போதோ வாங்கிய 7.65 மில்லிமீட்டர் வெளிநாட்டுச் சரக்கு. அவர் காலமானதும் நண்பர் அதை ஸ்டேஷனில் ஒப்படைத்து, கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்து, தன் பெயருக்கு லைசென்ஸ் வாங்கி மீட்டார். 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கு மறுபடி ஒப்படைப்பு. திரும்பி வந்ததும் ஒரு கிளப்பின் சுடுதளத்தில் சுட்டுப் பார்த்திருக்கிறார். முதல் இரண்டு தோட்டா ஒழுங்காக வெடித்தன. மூன்றாவது பாதி வழியில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. மறுபடி மறுபடி அதே கதை.

கடலூருக்கும் குண்டுக்கும் பழைய உறவு. 1690-ல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கியபோது, பீரங்கியைச் சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரை எல்லை என்று பேச்சு. அப்படிச் சிக்கிய ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். அன்றைக்கு அந்தப் பீரங்கி மக்கர் பண்ணியிருந்தால் எத்தனை ஊர் தப்பியிருக்குமோ என்று நான் சொன்னதற்கு நண்பர் சிரிக்கவில்லை. ஆலப்பாக்கம் தாண்டும்வரை பெட்டியைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

சிதம்பரத்தில் நாங்கள் தேடிப் போனவர் ஓய்வுபெற்ற போலீஸ் ஆர்மரர். ஆயுதப்படையில் சேர்ந்து, ஆயுதக் கிடங்கிலேயே சர்வீஸின் பெரும்பகுதியைக் கழித்தவர். அந்தக் கிடங்கை அவர்கள் இன்னும் 'பெல் ஆஃப் ஆர்ம்ஸ்' என்றுதான் சொல்கிறார்கள். 410 மஸ்கட், 303, எஸ்.எல்.ஆர்., 9 எம்.எம். பிஸ்டல் என்று எல்லாம் அவர் கையில் புரண்டவை. "சுட்டது கொஞ்சம் தம்பி. துடைச்சதுதான் ஜாஸ்தி" என்றார். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்துப் போட்ட மறுநாள் கரண்ட் இல்லை, ஊரெல்லாம் உப்புக் காற்று. ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து குழல் குழலாகப் 'புல் த்ரூ' என்கிற துடைப்புக் கயிற்றை இழுத்ததை, கல்யாணப் பந்தியைச் சொல்வதுபோலச் சொன்னார்.

நண்பர் பெட்டியை நீட்டினார். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் தொட மாட்டேன். நீங்களே எடுங்க. லைசென்ஸ் உங்க பேர்ல இருக்கு."

1959 ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கியைப் பழுது பார்த்துத் தொழில் செய்யத் தனி லைசென்ஸ் வேண்டும். அவரிடம் அது இல்லை. அதனால் அன்று மதியம் முழுக்க அவர் கையிலிருந்தது ஒரு பென்சில் மட்டும். சட்டம் சரிதான், எனக்கு அதில் சந்தேகமில்லை. ஆனாலும் அத்தனை வருடத்துக் கைப்பழக்கம் ஈஸிசேரில் சும்மா கிடப்பதைப் பார்க்க ஒரு மாதிரிதான் இருந்தது.

தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றச் சொன்னார். ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துச் சேம்பரைப் பார்க்கச் சொன்னார். "பார்த்தாச்சு ஐயா, காலி." "கண்ணை நம்பாதீங்க. சுண்டு விரலை விட்டுத் தடவுங்க."

பிறகு உள்ளே போய் ஒரு மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்தார். பூவரசு மரத்தில் கடைந்த ஏழு டம்மி ரவுண்டு. பம்பரம் கடைகிறவரிடம் சொல்லிச் செய்ததாம். மருந்தில்லை, உலோகமில்லை, அளவு மட்டும் அச்சாக இருக்கிறது. நண்பரிடம் இரண்டு மேகசின். சாக்பீஸால் 1, 2 என்று எண் போடச் சொன்னார். முதலாவதில் ஏழையும் போட்டு, ஸ்லைடை இழுத்து இழுத்து விட்டார் நண்பர். ஏழும் உள்ளே போய் வெளியே விழுந்தன. இரண்டாவதில் மூன்றாவது டம்மி முட்டி நின்றது. மறுபடியும் ஒன்று, மறுபடியும் இரண்டு. நான்கு சுற்று முடிந்ததும், "நோய் துப்பாக்கியில இல்ல, மேகசின்ல" என்றார்.

இந்தச் சின்ன பிஸ்டல்களில் பேரலையும் ஸ்லைடையும் பூட்டி வைக்க எதுவும் கிடையாது. ஸ்லைடின் எடையும் ஒரு ஸ்பிரிங்கும்தான் எல்லாம். பின்னால் போன ஸ்லைடு திரும்பும் வழியில், மேகசின் வாயிலிருக்கும் தோட்டாவைத் தள்ளி, சரிவில் ஏற்றிச் சேம்பருக்குள் விட வேண்டும். அந்த நொடியில் தோட்டா என்ன கோணத்தில் தலை தூக்குகிறது என்பதைத் தீர்மானிப்பவை மேகசினின் இரண்டு தகர உதடுகள். பென்சில் முனை இடது உதட்டில் நின்றது. இரண்டு மேகசினையும் வெளிச்சத்துக்கு நேரே பக்கத்தில் பக்கத்தில் பிடித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. நகத்தின் தடிமன்கூட இருக்காது, வெளிப்பக்கம் விரிந்திருந்தது. என்றைக்கோ கீழே விழுந்திருக்கும். உள்ளே இருந்த ஸ்பிரிங்கும் முதலாவதைவிட ஒரு விரற்கடை குட்டை.

இன்னொன்றையும் காட்டினார். 1900-வாக்கில் ஜான் பிரௌனிங் வடிவமைத்த இந்த 7.65 தோட்டாவின் அடியில் விளிம்பு உடம்பைவிடத் துளி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மொத்தமாக அரை மில்லிமீட்டர் அளவுக்கு. அடுக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் உட்கார வேண்டும். பின்னால் உட்கார்ந்தால் ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும், எந்த ஸ்பிரிங்காலும் நகர்த்த முடியாது. நண்பர் அவசரத்தில் ஒரு டம்மியை அப்படித்தான் போட்டிருந்தார்.

"உள்ள என்ன எண்ணெய் போட்டீங்க?"

"அப்பா போட்டதுதான் ஐயா. தேங்காய் எண்ணெய்."

பெரியவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். எத்தனையோ வருடத் தேங்காய் எண்ணெய் தூசியோடு சேர்ந்து மேகசின் சுவரில் பிசினாக ஒட்டியிருந்தது. நண்பர் மண்ணெண்ணெயில் முக்கிய துண்டுத் துணியால் துடைக்கத் துடைக்கக் கறுப்பாக வந்துகொண்டே இருந்தது. கடைசியில் தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. "அதுக்கு மேல போட்டா அதுவே அழுக்கைக் கூப்பிடும்."

கிளம்பும் முன் சேம்பர் வாயிலிருக்கும் சரிவை நண்பர் டார்ச் அடித்துக் காட்டினார். பெரியவர் முகம் மாறியது. யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கோடுகள். முதல் தடவை சிக்கியபோது யாரோ சொல்லி, நண்பர் தானே தேய்த்திருக்கிறார். ஒத்துக்கொள்ள அவருக்கு ஐந்து நிமிடம் ஆனது. "அரமும் உப்புத்தாளும் கடைசி மருந்து தம்பி. எடுத்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. நல்ல வேளை, சீக்கிரம் கை வலிச்சிருக்கு உங்களுக்கு."

இரண்டாம் மேகசினின் உதட்டை நிமிர்த்தலாமா என்று கேட்டோம். லைசென்ஸ் உள்ள பழுது கடையில் கேளுங்கள் என்று முடித்துவிட்டார். புதிது வாங்குவதும் லேசில்லை. 1980-களின் நடுவிலேயே சாதாரண ஆட்களுக்கு வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி நின்றுபோனது. பழைய மாடலுக்கு உதிரி கிடைப்பது அதிர்ஷ்டம்.

நண்பரிடம் இப்போது வேலை செய்கிற மேகசின் ஒன்றுதான் இருக்கிறது. அதில் தேங்காய் எண்ணெய் இல்லை.