வேலையிழந்தவன் யாசகனல்லன்

வேலையில்லாக் கொடுமையைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் பசியைப் பற்றியே எழுதுகின்றனர். பசி கொடியதுதான். ஆனால் கேமரன் மலையில், கோலா தெர்லாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில், வேலையிழந்த ஒருவன் மறுநாளே பட்டினி கிடப்பதில்லை. மனைவி காய்கறித் தோட்டத்திற்கு நாட்கூலியாகப் போவாள். மளிகைக் கடைக்காரர் சில மாதங்கள் கடன் எழுதிக்கொள்வார். அண்டை வீட்டார் ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்தனுப்புவர். வயிற்றுக்கு ஏதோ ஒரு வழி பிறந்துவிடுகிறது. முதலில் குறைவது மரியாதையே. ஏழு மாதங்களாக வேலையின்றி இருக்கும் நான் இதை அனுபவத்தால் அறிந்தே எழுதுகிறேன்.

நான் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை நிறுத்துக் கணக்கெழுதும் வேலையில் இருந்தவன். ஆண்டுக்கொரு முறை என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும். ஒன்பது முறை புதுப்பித்த நிர்வாகம் பத்தாம் முறை மறுத்துவிட்டது. காரணம் கேட்டேன், காரணம் கூற வேண்டிய கடமை தமக்கில்லை என்று பதில் வந்தது.

அன்று முதல் எனக்குக் கிடைத்த ஆறுதல்களைச் சொல்லி மாளாது. "எல்லாம் தலையெழுத்து" என்றார் ஒருவர். "ஏழரைச் சனி நடக்கிறது, எள் விளக்கு ஏற்றுங்கள்" என்றார் மற்றொருவர். இவர்கள் நல்லெண்ணங்கொண்டவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் கையொப்பமிட மறுத்தவர் நிர்வாகியே ஒழியச் சனி பகவான் அல்லர். செய்தவரைக் கேளாமல் கிரகத்தைக் கேட்கும் வழக்கம் நம்மிடையே உள்ளவரை, நிர்வாகிகளுக்கு யாதொரு கவலையும் இல்லை.

அன்றாடச் சங்கடங்களோ சிறியவை. சிறியவையாதலால் வெளியே சொல்லவும் கூசுகிறது. கடைத்தெருவில் எதிர்ப்படுபவர் நலம் விசாரிக்குமுன் "வேலை கிடைத்ததா?" என்று கேட்கிறார். கலியாண அழைப்பு வந்தால் மகிழ்ச்சிக்கு முன் மொய்ப் பணத்தின் நினைவு வருகிறது. விண்ணப்பங்களையெல்லாம் இப்போது கைத்தொலைபேசி வழியே அனுப்ப வேண்டியிருக்கிறது; அனுப்பிய பின் பெற்றுக்கொண்டோம் என்ற ஒரு வரிகூட வருவதில்லை. சட்டப்படி நாங்கள் பகாங் மாநிலத்தவர். மாநிலத் தலைநகரான குவாந்தான் கிழக்குக் கடற்கரையில் இருக்கிறது. நாங்கள் பேருந்தேறிப் போகும் பட்டணமோ பேராக் மாநிலத்து ஈப்போ. மலையிறங்கிப் போய் நேர்காணலுக்குக் காத்திருந்தால், வயதைக் கேட்டதும் முகம் மாறுகிறது. அன்றைய பேருந்துக் கட்டணம் வீட்டில் இரண்டு நாள் அரிசிச் செலவு.

இதற்கெல்லாம் அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று கூறுவது நியாயமாகாது. 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வேலைக் காப்புறுதிச் சட்டம் 2018 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 0.2 பங்கும், முதலாளியிடம் அதே அளவும் வசூலித்து, வேலையிழந்தவனுக்கு முதல் மாதம் பழைய சம்பளத்தில் நூற்றுக்கு 80, இரண்டாம் மாதம் 50, மூன்றாம் நான்காம் மாதங்களில் 40, அதன்பின் 30 என்று, சந்தா கட்டிய காலத்திற்கேற்ப மூன்று முதல் ஆறு மாதம் வரை கொடுப்பது அச்சட்டம் செய்த ஏற்பாடு. நம் கூலியிலிருந்து மாதந்தோறும் பிடித்த பணம் நமக்குத் திரும்பி வருவதில் தர்மம் எங்கே இருக்கிறது? அவ்வாறிருக்க, நம்மவர் சிலர் அதை "உதவிப் பணம்" என்று சொல்லிக் கூனிக்குறுகிக் கேட்கின்றனர். வேறு சிலர் வெட்கப்பட்டுக் கேளாமலே விடுகின்றனர். வேலை போன 60 நாட்களுக்குள் மனுச் செய்ய வேண்டுமென்பது விதி. வெட்கப்பட்டு வீட்டில் இருந்தால் நாட்கள் போய்விடும்.

ஆனால் அச்சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை வைக்கப்பட்டது. தானே விலகியவனையும் ஒழுங்கீனத்திற்காக நீக்கப்பட்டவனையும் ஒதுக்கியதோடு, தவணை ஒப்பந்தம் முடிந்தவனையும் அது வேலையிழந்தவனாகக் கொள்ளவில்லை. சந்தா பிடிக்கும்போது நான் தொழிலாளி. பணம் கேட்கும்போது நான் தவணை முடிந்தவன். இது எந்த ஊர் நியாயம்?

இவ்விஷயத்தில் தோட்டத்து நண்பர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டு வந்த ஒப்பந்தம் உண்மையான தவணை ஒப்பந்தம் ஆகாது, அத்தொழிலாளி நிரந்தர ஊழியனே என்று 2020ஆம் ஆண்டில் கூட்டரசு நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. நியாயமின்றி நீக்கப்பட்டவன் 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின்கீழ் முறையிடலாம். அதற்கும் 60 நாட்களே கெடு. நானும் உரிய காலத்தில் முறையிட்டிருக்கிறேன். முடிவு இன்னும் வரவில்லை. வரும்வரை காத்திருப்பது கடினந்தான். எனினும் விளக்கேற்றிக் காத்திருப்பதைவிட மனுக் கொடுத்துக் காத்திருப்பது மேல்.

பட்டணத்து வாசகர்களுக்கு இங்கே ஒன்று விளக்க வேண்டும். பட்டணத்தில் வேலை போனால் சம்பளம் போகும். தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும். லயத்து வீடு நிர்வாகத்தின் சொத்து. பிள்ளைகள் பிறந்ததும் பெற்றோர் கண்மூடியதும் அங்கேதான் என்றாலும், காலி செய்யச் சொல்லும் கடிதத்தில் அவற்றுக்கு இடமில்லை. எனக்கும் அக்கடிதம் வந்திருக்கிறது.

நம் சரித்திரத்தில் இது புதிதன்று. 1930 முதல் 1932 வரை ரப்பர் விலை விழுந்து கிடந்தபோது, ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் மலாயாவிலிருந்து கப்பலேற்றப்பட்டனர். 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் பிரஜையல்லாதார் அனுமதிச் சீட்டின்றி வேலை செய்யலாகாது என்று 1969இல் நடவடிக்கை தொடங்கியபோது, ஏறத்தாழ 60,000 இந்தியர் இந்நாட்டை விட்டுப் போயினர். இன்று நாம் பிரஜைகள், கப்பலேறச் சொல்வாரில்லை. ஆனால் தட்டுமுட்டுச் சாமான்களை லோரியில் ஏற்றச் சொல்கின்றனர்.

இந்த ஆத்திரத்தை நம்மவருள் சிலர் வங்காள தேசத்தவர்மீதும் நேப்பாளியர்மீதும் காட்டுகின்றனர். "இவன் வந்ததால் என் வேலை போயிற்று" என்கின்றனர். மலிந்த கூலிக்கு வந்தவன், சொன்னபடி கேட்பவன், நெருக்கடி வந்தால் திருப்பியனுப்பத் தக்கவன் என்றுதான் கங்காணி அழைத்துவந்த நம் பாட்டன்மாரையும் அன்று எண்ணினர். என் ஒப்பந்தத்தை மறுத்தவன் லயத்தில் எட்டுப் பேரோடு ஓர் அறையில் உறங்கும் அந்த வெளிநாட்டு இளைஞன் அல்லன். அவனுக்கும் நியாயமான கூலி கட்டாயமானால், அவனைக் காட்டி நம்மை மிரட்ட எவராலும் இயலாது.

இனி அரசியலுக்கு வருவோம். கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியில் 2004, 2008, 2013, 2018 ஆகிய நான்கு பொதுத் தேர்தல்களிலும் நம்மினத்தவரே வென்றனர். வாக்காளருக்குப் பணம் கொடுக்கப்பட்டது என்று கண்டு, 2018 நவம்பர் 30இல் தேர்தல் நீதிமன்றம் கடைசி வெற்றியைச் செல்லாததாக்கியது. 2019 ஜனவரி 26இல் நடந்த இடைத்தேர்தலில் ரம்லி முகமது நோர் வென்று, மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஓராங் அஸ்லியானார். இம்மலைக்கு நமக்கு முன்பே உரியவர்களிலிருந்து ஒருவர் சபையேறியது மகிழத்தக்கதே. ஆனால் நம்மவர் சிலர் "நம் தொகுதி போயிற்றே" என்று இன்றளவும் புலம்புகின்றனர். அது நம் கையில் இருந்தபோது லயத்து வீடு நம் கைக்கு வந்ததா என்று நான் கேட்டால் கோபிக்கின்றனர். தேர்தல் காலத்தில் அரிசிப் பையும், தேர்தல் முடிந்தபின் மௌனமும் தருபவர் எந்த இனத்தவராயினும் நமக்கு ஒன்றே.

தோழர்களே! நாம் கேட்க வேண்டியவை அரிசிப் பையல்ல. ஆண்டாண்டாகப் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தை நிரந்தர வேலையென்று சட்டமே கூற வேண்டும். காப்புறுதிச் சந்தா கட்டிய ஒவ்வொருவனுக்கும் அக்காப்புறுதியின் பலன் கிடைக்க வேண்டும். தலைமுறையாக வாழ்ந்த தோட்டத் தொழிலாளிக்கு வேலையோடு போய்விடாத வீடு வேண்டும். இம்மூன்றையும் வாக்குக் கேட்டு வருபவரிடம் வாசலிலேயே கேளுங்கள். பதிலை எழுதி வாங்குங்கள். வேலையிழந்தவன் அண்டை வீட்டில் இருந்தால் அவனுக்கு விதியைப் போதிக்க வேண்டாம். 60 நாட்களில் எத்தனை நாள் மீதமிருக்கிறது என்று கேட்டு, அவனோடு மனுக் கொடுக்கச் செல்லுங்கள்.