மேப்பிள் சாலையின் சின்ன லாரிகள்

டிராய் என்றதும் கார்த் தொழிலில் இருக்கும் தமிழருக்கு அலுவலகங்கள்தான் நினைவுக்கு வரும். டெட்ராய்ட்டுக்கு வடக்கே, கார் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் வடிவமைத்துக் கொடுக்கும் நிறுவனங்கள் அடுத்தடுத்து நிற்கும் ஊர். கோவை, சென்னை, ஓசூர் என்று பல இடங்களிலிருந்து வந்தவர்கள் இங்கே வீடு வாங்கி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, பனிக்குப் பழகித் தங்கிவிட்டோம். பிரேக் பாகங்களைக் கணினித் திரையில் வரைவது என் தொழில். வரைபடம் என்னிடமிருந்து கிளம்பிய பிறகு அந்தப் பாகம் எங்கே வார்க்கப்படுகிறது, யார் கடைகிறார், எந்த வண்டியின் அடியில் போய் உட்காருகிறது என்பதை நான் கண்ணால் பார்த்ததில்லை. கார்களின் தலைநகரத்தில் வேலை பார்த்துக்கொண்டு, காரைக் கையால் தொடாமலே காலம் ஓடியது.

இந்த ஊரை எனக்கு உள்ளிருந்து காட்டியவை, இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் செய்யப்படும் பிளாஸ்டிக் கார்களும் லாரிகளும்தான்.

அமெரிக்காவில் 1960களில் சிறுவர்களாக இருந்தவர்களுக்கு டிராய் என்ற பெயர் அட்டைப்பெட்டியில் பார்த்துப் பழகிய பெயர். ஏஎம்டி என்ற மாடல் கம்பெனி இந்த ஊரில், மேப்பிள் சாலையில்தான் இருந்தது. நான் வேலைக்குப் போய்வரும் சாலை. வெஸ்ட் கல்லோக்லி என்ற வழக்கறிஞர் 1948-இல் அதைத் தொடங்கினார். அலுமினியம் மாடல் டாய்ஸ் என்பதன் சுருக்கம்தான் ஏஎம்டி. ஃபோர்டு காரின் அலுமினிய மாதிரியைச் செய்து, கார் விற்கும் ஷோரூம்களுக்குக் கொடுப்பது முதல் வேலை. விரைவிலேயே பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். புதிய கார் சந்தைக்கு வரும் அன்றே அதன் சின்ன மாதிரியும் ஷோரூம் மேஜையில் இருக்க வேண்டும் என்பதால், வெளியே யாருக்கும் காட்டாத வரைபடங்களைக் கார் கம்பெனிகள் இவர்களிடம் முன்கூட்டியே கொடுத்தன. அப்பா காரைச் சுற்றிவந்து பார்க்கும்போது, பிள்ளையின் கையில் அதே கார் சின்னதாக இருக்கும்.

1958-இல் அந்த மாதிரிகளைப் பிரித்த பாகங்களாகவே, கிட் என்ற பெயரில், விற்கத் தொடங்கினார்கள். ஒரே பெட்டியில் மூன்று வழி: தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே கட்டலாம், அலங்காரக் காராக மாற்றலாம், பந்தயக் காராக ஆக்கலாம். டெட்ராய்ட்டிலேயே ஜோ-ஹான், பக்கத்து மவுன்ட் கிளெமென்ஸில் எம்பிசி, சிகாகோ பக்கம் மோனோகிராம், கலிபோர்னியாவில் ரெவெல் என்று போட்டியாளர்கள் பெருகினார்கள். ஒவ்வோர் ஆண்டும் கார் மாறினால் கிட்டும் மாறும்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் எங்கள் தெருவில் இருந்த ஒரு பெரியவர். ஓய்வுபெற்ற பேட்டர்ன் மேக்கர். உலோகத்தில் வார்க்க வேண்டியதை முதலில் மரத்தில் செய்து பார்க்கும் கைவினைஞர். எஃகு அச்சு எப்படிப் பிறக்கிறது என்பதை அவர் கராஜில் வைத்து எனக்கு விளக்கினார். கடைக்கு வரப்போகும் மாடலைவிடப் பெரிதாக ஒரு மாதிரியை முதலில் மரத்தில் செதுக்குவார்கள். பேன்டோகிராஃப் இயந்திரத்தின் ஒரு முனையில் இருக்கும் ஊசி அந்த வடிவத்தைத் தடவிப் போகும். மறுமுனையில் இருக்கும் வெட்டுக்கருவி அதே வடிவத்தைச் சின்னதாக்கி எஃகில் குடையும். கதவுக் கைப்பிடி, டயர் நட்டு, வைப்பர் எல்லாமே ஒருவர் கண்ணும் கையும் வைத்துச் செய்தவை. அதைக் கேட்ட பிறகு இந்தப் பெட்டிகளைப் பொம்மை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் எனக்குக் காட்டிய முதல் கிட் ஏஎம்டியின் பீட்டர்பில்ட் 359. நீண்ட மூக்கும், இரண்டு பக்கமும் வானத்தைப் பார்த்து நிற்கும் புகைக்குழாய்களுமாக அமெரிக்க நெடுஞ்சாலையின் முகமாகவே இருந்த லாரி. 1967 முதல் 1987 வரை தயாரிக்கப்பட்டது. பெட்டியைத் திறந்தால் சட்டம் சட்டமாகப் பிளாஸ்டிக். அவற்றில் எஞ்சின், கியர்பாக்ஸ், பட்டை ஸ்பிரிங், ஆக்சில், காற்றுத் தொட்டி எல்லாம் காம்பில் காய் தொங்குவதுபோல ஒட்டிக்கொண்டிருக்கும். கட்டரால் வெட்டி எடுத்து, வெட்டுத் தழும்பைக் கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பழைய அச்சு என்றால் ஓரமெல்லாம் பிசிறு. அச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த இடத்தில் ஒரு மெல்லிய கோடு ஓடும். அதைத் தேய்த்து மறைக்காமல் பெயின்ட் அடித்தால் எவ்வளவு நல்ல பெயின்டும் அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

கார் கிட்களைவிட லாரி கிட் ஏன் கடினம் என்பதற்குக் காரணம் சேஸிஸ். பெரும்பாலான கார் கிட்களில் அடித்தட்டு ஒரே துண்டாக வந்துவிடும். பீட்டர்பில்ட்டில் நிஜ லாரியைப் போலவே இரண்டு நீளச் சட்டங்கள், நடுவே குறுக்குச் சட்டங்கள். இவை நூல் பிடித்தாற்போல் சதுரமாகச் சேர வேண்டும். ஒரு மூலை மயிரிழை தூக்கிக்கொண்டாலும் கடைசியில் பத்து டயர்களில் ஒன்று தரையைத் தொடாது. கண்ணாடிப் பலகைமேல் படுக்கவைத்து, எஃகு மூலைமட்டத்தால் அளந்து, பசை இறுகும்வரை கனம் வைத்து விட்டுவிட வேண்டும். பசை என்று சொல்கிறேனே தவிர, அது ஃபெவிகால் போல நடுவில் நின்று இரண்டையும் பிடித்துக்கொள்ளும் பொருள் கிடையாது. பாலிஸ்டைரீனைக் கரைக்கும் திரவம் அது. இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மெல்லிய தூரிகையால் இடுக்கில் தொட்டால் திரவம் தானே உள்ளே ஓடும். இரு பக்கமும் இளகி, கலந்து, ஒரே பிளாஸ்டிக்காக இறுகிவிடும். வெல்டிங்தான் அது. அலுவலகத்தில் தினமும் பார்க்கும் முறுக்கு விசையும் வளைவும், இந்தச் சேஸிஸை விரல்களால் லேசாகத் திருகிப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தன.

"ஏங்க, இந்த வாடை வீட்டுக்குள்ள வேணாங்க" என்று மனைவி சொன்னதில் முழு நியாயம் இருந்தது. பேஸ்மென்ட் ஜன்னலில் ஒரு விசிறி வைத்து, காற்றை வெளியே தள்ளும் ஏற்பாட்டைச் செய்த பிறகே வேலை தொடர்ந்தது. இந்தப் பசையை முகர்ந்து போதை ஏற்றிக்கொள்ளும் சிறுவர்களால் 1960களில் அமெரிக்காவே கலங்கிப்போயிருந்தது. இல்லினாய் மாநிலத்து டெஸ்டர்ஸ் கம்பெனி 1969-இல் தன் பசையில் மூக்கை எரிக்கும் கடுகு எண்ணெய்ச் சத்தைச் சேர்த்தது அதைத் தடுக்கத்தான். காற்றோட்டம் இல்லாத அறையில் இந்த வேலையை யாரும் செய்யக்கூடாது.

இந்த ஊர் கைவேலையை எந்த அளவுக்கு மதித்தது என்பதை ஃபிஷர் பாடி கைவினைஞர் கில்ட் பற்றிப் படித்தபோது தெரிந்துகொண்டேன். ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி பிரிவு 1930 முதல் 1968 வரை நடத்திய போட்டி அது. முதலில் நெப்போலியன் காலத்துக் குதிரை வண்டி ஒன்றின் மாதிரியைச் செய்யச் சொன்னார்கள். பின்னர் சொந்தமாகக் கார் வடிவமைத்து, அதை மாதிரியாகச் செய்து அனுப்பச் சொன்னார்கள். பரிசு, பல்கலைக்கழகப் படிப்புச் செலவு. பதின்ம வயதுப் பையன்கள் வீட்டு மேஜைகளில் மரத்தையும் பிளாஸ்டரையும் செதுக்கி அனுப்பினார்கள். 1947-இல் முதல் பரிசு பெற்ற சக் ஜோர்டன் பிற்காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புப் பிரிவுக்கே தலைவரானார். சிறுமிகளுக்கு அதில் இடமே இல்லை என்பது பெரிய அநியாயம். ஆனாலும், ஒரு பையனின் கை நேர்த்தியைப் பார்த்து அவனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டிய போட்டி என்பது எனக்குப் புதிய செய்தி. என்னைப் போன்றவர்கள் வளர்ந்த வீடுகளில் கணக்கில் வாங்கிய மதிப்பெண்தான் பேச்சு. மரவேலையும் லேத் வேலையும் படிப்பு வராதவர்களுக்கு என்று ஒதுக்கிவைத்தோம். பொறியியல் கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் அரம் பிடித்ததுகூட ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்குவதற்காகத்தான்.

மாடல் சேகரிப்பவர்கள் எஸ்டேட் சேல்களுக்கு நாள் பார்த்துக் காத்திருப்பார்கள். வீட்டில் பெரியவர் ஒருவர் இறந்த பிறகு, பொருட்களையெல்லாம் விலை போட்டு வைத்து, வீட்டுக் கதவைத் திறந்துவிடும் வழக்கம் இது. அப்படி ஒரு வீட்டில் பாதி கட்டி நின்றுபோன ஒரு கென்வொர்த் லாரி எனக்குக் கிடைத்தது. குறிப்புத் தாளில் முடித்த பாகங்களையெல்லாம் பென்சிலால் ஒவ்வொன்றாக டிக் செய்திருந்தார் அந்த மனிதர். எஞ்சின் முழுதாகக் கட்டியிருந்தது. அதன் பக்கவாட்டில், ஆணியின் கனம்கூட இல்லாத செம்புக் கம்பியை வளைத்து, எண்ணெய்க் குழாய் ஒன்றைத் தாமாகவே சேர்த்திருந்தார். அது கிட்டில் வராத பாகம். நிஜ எஞ்சினைக் கழற்றி மாட்டியவருக்குத்தான் அந்தக் குழாய் எங்கிருந்து எங்கே போகும் என்று தெரிந்திருக்கும். அவர் மெக்கானிக்காக இருந்திருக்கலாம், டிரைவராக இருந்திருக்கலாம். அந்த வீட்டில் யாரையும் கேட்கவில்லை.

பழைய கிட்டுக்கே உரிய நோய்கள் இரண்டும் அந்தப் பெட்டியில் இருந்தன. மென்மையான வினைல் டயரில் இருக்கும் எண்ணெய்ப் பொருள் காலப்போக்கில் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனை அரித்துவிடும். டயர் உராய்ந்த இடத்தில் முன்கண்ணாடி உருகிப்போய் அதன் தடத்தோடு இருந்தது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் டயர்களைத் தனிப் பையில் போட்டு வைப்பார்கள். இரண்டாவது நோய், நீரில் நனைத்து ஒட்டும் டெக்கால் தாள் மஞ்சளித்துப்போவது. இதற்கு ஓர் எளிய வைத்தியம் உண்டு. தாளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்தால், நாள்பட மஞ்சள் வெளுத்துவிடும். மிச்சிகன் குளிர்கால வெயிலுக்கு அவ்வளவு வலு போதாது. ஜூன் வரை பொறுத்திருக்க வேண்டியதாயிற்று. வெட்டிய இடத்தில் குரோம் போன பாகங்களுக்கு, பக்கத்து ஃபார்மிங்டனில் இருக்கும் பேர்-மெட்டல் ஃபாயில் கம்பெனியின் உலோகத் தாளை அளவாக வெட்டி ஒட்டினேன். செம்புக் குழாயைத் தொடவில்லை. அது அவர் கைவேலை.

இந்த இடத்தில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். சேகரிப்பவர்களில் இரண்டு வகை உண்டு. பெட்டியின் மேலுறையைக்கூடப் பிரிக்காமல் அடுக்கிவைத்து, விலை ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் ஒரு வகை. கட்டுவதற்காக வாங்குகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினர் சொல்லும் நியாயம் எனக்குப் புரிகிறது. அடுத்த ஆண்டு மாடலுக்காகப் பழைய எஃகு அச்சையே வெட்டித் திருத்திவிடும் வழக்கம் இருந்ததால், பல கார்களின் மூல அச்சு இன்று உலகில் எங்கும் இல்லை. ஏஎம்டியே 1978-இல் இங்கிலாந்தின் லெஸ்னிக்கும், 1980களின் தொடக்கத்தில் அயோவாவின் எர்ட்ல் கம்பெனிக்கும் கைமாறியது. இன்று அந்தப் பெயர் இந்தியானாவின் சவுத் பெண்ட்டில் இருக்கும் ரவுண்ட் 2 கையில் இருக்கிறது. அரிதான ஒன்றிரண்டு பெட்டிகள் அருங்காட்சியகத்துக்காக அப்படியே இருக்கட்டும். மற்றவை கட்டப்பட வேண்டியவை. பேட்டர்ன் மேக்கர் ஒருவர் வைப்பரை அவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கியது, அது பெட்டிக்குள்ளேயே இருட்டில் கிடப்பதற்காக அல்ல.

டெட்ராய்ட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், ஒஹாயோ மாநிலத்து டொலீடோவில் 1980 முதல் என்என்எல் என்ற மாடல் கண்காட்சி நடக்கிறது. மார்க் போடும் நடுவர்கள் கிடையாது. நீண்ட மேஜைகளில் கட்டியதைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மற்றவர்கள் கட்டியதைக் குனிந்து பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான். லாரி மேஜையருகே நின்றால் பேச்சு தானே வரும். எந்த ஊர், என்ன சம்பளம், விசா என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. கேபினுக்கு எந்தப் பெயின்ட், சேஸிஸை எப்படி நேராக்கினாய் என்றுதான் கேட்கிறார்கள். இந்த நாட்டில் என்னை வேலைக்காரனாகவோ விருந்தாளியாகவோ பார்க்காமல், தங்களில் ஒருவனாக வைத்துப் பேசிய முதல் இடம் அந்த லாரி மேஜை.

அந்த மேஜைகளைச் சுற்றித் தலை நரைத்தவர்கள்தான் அதிகம். இதுதான் என் கவலை. நம் பிள்ளைகளின் சனிக்கிழமை கணக்கு டியூஷன், தமிழ்ப் பள்ளி, பரதம், நீச்சல் என்று நிரம்பிவழிகிறது. எல்லாம் நல்லவைதான். ஆனால் ஒரு பொருளைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தன் கையாலேயே செய்து முடிக்கும் வாய்ப்பு அவற்றில் அரிதாகவே கிடைக்கிறது. என் மகள் இப்போது என் எதிரே அமர்ந்து தன் மஸ்டாங்கைக் கட்டுகிறாள். ஒரு கதவின் இடுக்கு ஒட்டவில்லை என்றால் அவளே பட்டி பார்த்து, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பிரைமர் அடிக்கிறாள். "அப்பா, தொடாதீங்க, நானே பாத்துக்கறேன்" என்கிறாள். பொறுமையைப் பற்றி நான் செய்த எந்த உபதேசமும் இந்த வேலையைச் செய்ததில்லை.

டிராயிலும் நோவியிலும் கான்டனிலும் இருக்கும் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பசையே தேவைப்படாத, அழுத்தினால் பொருந்திக்கொள்ளும் ஸ்னாப் கிட் ஒன்றை முதலில் வாங்கிக் கொடுங்கள். பெட்டியின்மேல் போட்டிருக்கும் வயதையும் கடின நிலையையும் பார்த்து வாங்குங்கள். பசை, கத்தி, பெயின்ட் வரும்போது பக்கத்தில் இருங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். பிள்ளை கட்டுவது கோணலாக வந்தாலும் நீங்கள் கையை நீட்டித் திருத்தாதீர்கள்.