வேளச்சேரியில் வீடு பார்க்க ஓர் ஆள்

தில்லியில் குடியிருந்துகொண்டு சென்னை வேளச்சேரியில் வீடு வாங்க உத்தேசமா, சகோதரி? நேரில் வர முடியாவிட்டால் கூலி கொடுத்தாவது ஓர் ஆளை அனுப்பிப் பாருங்கள். தரகர் வேண்டாம், கிரயம் முடிந்தால்தானே அவருக்குக் கமிஷன்! வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அதே கூலி பெறுகிறவராக இருக்கட்டும்.

வில்லங்கச் சான்றைத் தில்லியிலிருந்தே கம்ப்யூட்டரில் பார்த்துவிடலாம். சுவரைப் பார்க்க முடியுமா? விஜயநகரில் பஸ்ஸை விட்டு இறங்கினால் கடைகளின் ஜொலிப்புத்தான் தெரியும். ஊருக்குள் ஏரி, அண்டையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். 2015 டிசம்பரில் வெள்ளம். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலோடு, மறுபடியும்! புதிதாக வெள்ளையடித்த கூடம் இதையெல்லாம் சொல்லாது. மாடிப்படிக்கு அடியில் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். தெருமுனை இஸ்திரிக்காரரையும் விசாரிக்கட்டும்: அவர் தொட்டுக் காட்டுவது முழங்காலையா, இடுப்பையா?

ஐப்பசி அடைமழையில் அனுப்பினால் இன்னும் விசேஷம். குடைக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிடுங்கள்.